கால அட்டவணையில் இல்லாத அமர்வு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் தலைப்பு கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு உண்டு. அழைப்பிதழில் அச்சிட அப்படித்தான் தோதாக இருக்கும். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம்: பணியிடைப் பயிற்சிக்குப் போகிற ஆசிரியர்களுக்குள் உண்டாகும் தோழமை. இதைப் பற்றி அரசாணை எதுவும் நான் பார்த்ததில்லை. பயிற்சிக் கையேட்டிலும் இதற்குப் பக்கம் ஒதுக்குவதில்லை. ஆனால், பயிற்சியால் ஒரு வகுப்பறையில் உண்மையாகவே ஏதாவது மாறியிருந்தால், பெரும்பாலும் அது இந்த வழியாகத்தான் மாறியிருக்கிறது என்பது என் கட்சி.

பயிற்சி என்று சுற்றறிக்கை வந்ததும் பள்ளியில் எழுகிற முதல் சத்தம் முனகல்தான். "மறுபடியுமா சார்?" பாடம் முடிக்க வேண்டும், எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம் கிடக்கிறது, ஒருவர் போய்விட்டால் இன்னொருவர் எல்லா வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். முனகலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஆசிரியர் போய்விட்டு வந்த பிறகு கேட்டுப் பாருங்கள். பயிற்சி தந்த கருத்தாளர் என்ன சொன்னார் என்றால் நெற்றியைச் சுருக்குவார். யாரையெல்லாம் பார்த்தீர்கள் என்றால் அரை மணி நேரம் நிறுத்தமாட்டார்.

இந்தத் தொழிலின் தனிமையைப் புரிந்துகொள்ளாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. நாள் முழுக்க நாற்பது பேருக்கு நடுவில் நிற்கிறவருக்கு என்ன தனிமை என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் 'ஸ்கூல்டீச்சர்' என்றொரு நூல் எழுதினார். பள்ளிக்கூடத்தை அவர் முட்டை அடுக்குகிற அட்டையோடு ஒப்பிட்டார். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு குழிக்குள். பக்கத்துக் குழியில் என்ன நடக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்வது நாகரிகமும் இல்லை. அவர் எழுதியது அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி. நம் ஈராசிரியர் பள்ளியை அவர் பார்த்திருந்தால் அந்த அட்டையில் இரண்டே குழிதான் வரைந்திருப்பார். ஒருவர் ஒன்று முதல் மூன்று, இன்னொருவர் நான்கு, ஐந்து. இருவரில் ஒருவர் தலைமையாசிரியர், ஆகவே அவர் பாதி நாள் பதிவேட்டோடு இருப்பார். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ஏன் எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கிறான் என்று யாரோடு பேசுவது?

வகுப்பறைக்குள் வரும் வெளியாள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. வருகிறவர் பெரும்பாலும் பார்வையிடுகிற அதிகாரி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், பிள்ளைகள் தேர்வில் எப்படித் தேறினார்கள் என்று பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கிற முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வாத்தியாருக்குச் சோற்று நாள். அந்த முறை ஒழிந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பயம் ஒழியவில்லை. கதவில் ஒரு நிழல் விழுந்ததும் தெரிந்ததை மட்டும் காட்டுவது நமக்குக் கைவந்துவிட்டது. "இந்தப் பாடத்தை எனக்கு நடத்தத் தெரியவில்லை" என்று ஓர் ஆசிரியர் யாரிடம் சொல்ல முடியும்? அதிகாரியிடம் சொன்னால் குறிப்பேட்டில் ஏறும். பெற்றோரிடம் சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் சொல்லலாம், சொல்கிற துணிச்சல் சிலருக்குத்தான் உண்டு. மிச்சம் இருப்பது இன்னோர் ஆசிரியர். அதுவும் அதே பள்ளிக்காரராக இல்லாமல், பதவி உயர்வுப் பட்டியலில் முன்னும் பின்னும் நிற்காதவராக இருந்தால் நல்லது. அப்படிப்பட்ட ஆள் கிடைக்கிற ஒரே இடம் பயிற்சிக்கூடம்.

பயிற்சிக்கூடங்கள் வந்த கதையை விரிக்கப் போவதில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. அடுத்த இருபதாண்டுகளில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும் அனைவருக்கும் கல்வி இயக்கமும் வட்டார வள மையத்தையும் குறுவள மையத்தையும் கொண்டுவந்தன. பயிற்சி இறங்கி வருகிற வழி இன்றும் அதேதான்: மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர், கடைசியில் ஆசிரியர். படிப்படியாக இறங்கும்போது சரக்கு நீர்த்துவிடுகிறது என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மேலிருந்து கீழே வருகிற சரக்கை மட்டும் எடைபோட்டுவிட்டு, கீழே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதை யாரும் எடைபோடுவதில்லை.

முதல் நாள் காலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு உட்காருவார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கடைசி வரிசைக்குப் போட்டி. முன்னறித் தேர்வுத் தாளைக் கொடுத்ததும் ஐம்பது வயது ஆசிரியர்கள் பிள்ளைகளைப்போலப் பக்கத்துத் தாளை எட்டிப்பார்ப்பார்கள். பிறகு ஒரு விளையாட்டு வைப்பார்கள். கைதட்டு, பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி சேர், கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டாளியைக் கண்டுபிடி. இறுக்கத்தைத் தளர்த்துவதற்காம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இறுக்கம் தளர்வது பதினொன்றரை மணி டீயில்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வட மாவட்டம் ஒன்றில் ஒரு வட்டார வள மையம். கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தத்தில் யாரும் பேச முடியாது, அதனால் மதியச் சாப்பாட்டுக்கு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவோம். காலையில் நடந்த அமர்வு கழித்தல் பற்றியது. கருத்தாளர் நன்றாகத்தான் நடத்தினார். புளிச்சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே ஒரு டீச்சர், யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே சொல்வதுபோல, "முந்நூறுல நூத்தி இருபத்தேழு போனா எங்க புள்ளைங்க இரநூத்தி இருபத்தேழுன்னுதான் போடுது. எத்தன தடவ சொன்னாலும் அதான்" என்றார்.

உடனே எதிரில் இருந்தவர் நிமிர்ந்தார். "அட, எங்க புள்ளைங்களும் அதேதான் டீச்சர். அதே இரநூத்தி இருபத்தேழுதான்!"

அந்த இரண்டு பேர் முகத்திலும் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். இருவர் பள்ளிக்கும் நடுவே பல கிலோமீட்டர். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் தப்பு ஒன்றே. அப்படியென்றால் அது பிள்ளையின் மந்தமும் இல்லை, டீச்சரின் குறையும் இல்லை, அந்தக் கணக்குக்குள்ளேயே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை மூன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது, இரண்டு. அடுத்தது பூஜ்யத்திலிருந்து இரண்டு போகாது, ஆகவே திருப்பிப் போட்டு இரண்டு என்கிறது. கடைசியில் பூஜ்யத்திலிருந்து ஏழு, அங்கேயும் ஏழு. பெரிய எண்ணிலிருந்து சின்னதைத்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டாம் வகுப்பில் நாமே சொல்லிக்கொடுத்த விதியை அது நம்பிக்கையோடு கடைப்பிடிக்கிறது.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் கை கழுவிவிட்டு வந்தார். காலை முழுக்க வாய் திறக்காத மனிதர். பழைய சார்ட் தாள் ஒன்றை வாங்கிக் கிழித்து நூறு, பத்து, ஒன்று என்று ரூபாய் நோட்டு எழுதினார். "நீங்க மளிகைக்கடைக்கு வர்றீங்க. உங்ககிட்ட மூணு நூறு ரூவாத் தாள்தான் இருக்கு. எனக்கு நூத்தி இருபத்தேழு குடுங்க. சில்லறை இல்லாம குடுங்க பாக்கலாம்." டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு நூறை மாற்றிப் பத்துப் பத்தாக்கினார். அதில் ஒரு பத்தை மாற்றி ஒன்றுகளாக்கினார். கையில் இரண்டு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று. மதிப்பு அதே முந்நூறு. அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் மிச்சம் நூற்று எழுபத்துமூன்று. "கடன் வாங்குறதுன்னு சொல்லாதீங்க தம்பி," என்றார் மூத்தவர், பக்கத்தில் இருந்த இளைஞரிடம், "யாருகிட்டயும் வாங்கல, திருப்பியும் குடுக்கல. சில்லறை மாத்துறோம், அவ்ளோதான். ரெண்டு வாரம் தாளை வெச்சு வெளையாட விடுங்க, அப்பறமா நோட்டுல எழுதச் சொல்லுங்க."

இதையேதான் காலையில் கருத்தாளரும் படம் போட்டுச் சொன்னார். அப்போது எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். மரத்தடியில் குறிப்பெடுக்கவில்லை, கிழித்த தாள் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது? காலையில் ஒரு விடை தரப்பட்டது. கேள்வி யாருடையது என்று தெரியவில்லை. மரத்தடியில் கேள்வி ஒருவருடையது, அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குப் பயமில்லை, சொன்னதும் இன்னொருவர் "எனக்கும்தான்" என்றார். அந்த "எனக்கும்தான்" இல்லாமல் விடைக்குக் கதவு திறப்பதில்லை.

ஜூடித் வாரன் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஆசிரியர்களின் கூட்டுறவை நான்கு வகையாகப் பிரித்தார். கதை பேசுவது, கேட்டால் உதவுவது, கையிலிருப்பதைப் பகிர்வது, சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது. இந்த வரிசையில் கதை பேசுவதுதான் பலவீனமானது, சேர்ந்து வேலை செய்வதே வலுவானது என்பது அவர் முடிவு. பின்பாதியை ஒப்புக்கொள்கிறேன். முன்பாதியில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியிலிருந்து வருகிறவருக்குக் கதை பேசுவதுதான் முதல் படி. கதை பேசாதவர் உதவி கேட்கமாட்டார். உதவி கேட்டுப் பழகாதவரோடு சேர்ந்து வேலை செய்யவும் முடியாது.

இங்கே ஒரு பழைய சென்னைக் கதை ஞாபகம் வருகிறது. எழும்பூர் பக்கம் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திவந்தார், 1790களில். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையே தன் இல்லத்திலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் ஒரு சிறுவனைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது நடந்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார், 'மெட்ராஸ் முறை' உலகெங்கும் போனது. மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டாம்பிள்ளை நம் திண்ணைப் பள்ளியில் முன்பே இருந்தார் என்பது வேறு விஷயம். சமமாக உட்கார்ந்திருப்பவன் சொன்னால் ஏறுகிறது என்பதைப் பிள்ளைகள் விஷயத்தில் இருநூறு ஆண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட நாம், ஆசிரியர் விஷயத்தில் இன்னும் மேடையையும் மைக்கையும்தான் நம்புகிறோம்.

தோழமை வேலையாக மாறிய காலங்கள் நமக்கு உண்டு. முதலாவது, 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம். புதுக்கோட்டையில் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிள் ஓட்டவும் கற்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்த இயக்கத்தில் பள்ளி ஆசிரியர்கள் ஏராளமானோர் இருந்தார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பகலில் பள்ளி, இரவில் கற்போர் மையம். வட்டமாக உட்காருவது, பாட்டோடு தொடங்குவது, நாடகம் போடுவது என்று இன்று நம் பயிற்சிகளில் சடங்காகிவிட்ட பலவும் அங்கே உயிரோடு இருந்தவை. ஊர் ஊராக ஒரே ஜீப்பில் போனவர்களுக்குள் பட்டதாரி ஆசிரியர், இடைநிலை ஆசிரியர் என்ற வரப்பு அழிந்துபோனது. பின்னால் வந்த கல்வித் திட்டங்களில் கருத்தாளர்களாக நின்றவர்கள் பலர் அங்கே பழகியவர்கள்.

இரண்டாவது, செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்குப் பின்னால் இருந்தார். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துவர நம் ஆசிரியர்களை அனுப்பினார்கள். போய்வந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து நம் பாடத்துக்கு அட்டைகளை எழுதினார்கள். பாடத்தை வரிசைப்படுத்துகிற ஏணிப்படி, மைல்கல், பிள்ளையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல். மேசையை விட்டு எழுந்து பாயில் உட்கார்ந்த ஆசிரியர். அந்த முதல் குழுவில் இருந்த டீச்சர்களோடு பேசினால் தெரியும், "எங்க அட்டை" என்பார்கள். 2007–08இல் அது மாநிலம் முழுக்கப் போனது. அட்டைகள் அச்சாகிப் பெட்டியில் வந்தன, கரும்பலகையும் வந்தது. அட்டை எழுதிய இரவுகளின் நட்பு பெட்டியில் வர வழியில்லை. பல ஊர்களில் அது மேலிடத்து உத்தரவாக மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்த முறை பிற்பாடு தளர்ந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். என் கணக்கில் இது முதல் காரணம். இப்போது 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகள். பருவந்தோறும் பயிற்சி. அதே ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள் என்பதே அதில் எனக்குப் பிடித்த அம்சம். போன பருவத்தில் கேட்ட கேள்விக்கு இந்தப் பருவத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

ஆசிரியர் சங்கம் இருக்கிறதே, அங்கே இல்லாத தோழமையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியரும் ஆசிரியருமாக லட்சக்கணக்கானோர் ஒரே கையெழுத்தில் வேலை இழந்தபோது, ஒருவர் வீட்டில் அடுப்பெரிய இன்னொருவர் அரிசி கொண்டுபோனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது உரிமைக்கான தோழமை. சங்கக் கூட்டத்தில் 300இலிருந்து 127ஐ எப்படிக் கழிப்பது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

பயிற்சிக்கூடத்துத் தோழமையில் எல்லாமே தேன் என்றும் சொல்லவில்லை. புலம்பலுக்குள் சுகம் கண்டு அங்கேயே தங்கிவிடுகிற கூட்டம் ஒன்று உண்டு. "இதெல்லாம் எத்தன பாத்துட்டோம், ஒன்னும் நடக்காது" என்று ஒரு மூத்தவர் சொன்னால், புதிதாக வந்த பெண் வாயை மூடிக்கொள்வார். யாரோடு சாப்பிடுகிறார்கள், யார் தள்ளி உட்காருகிறார்கள் என்பதில் ஊரின் சாதி அப்படியே கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் தொடங்குகிற வாட்ஸ்அப் குழுவின் கதி உங்களுக்கே தெரியும்: காலை வணக்கப் பூக்கள், அரசாணை பி.டி.எஃப்., ஓய்வூதிய வதந்தி. எப்போதாவது அதற்கு நடுவே ஒரு நோட்டுப் பக்கத்தின் படம் வரும், "இந்தப் பையன் 'ப'வை இப்படித் திருப்பி எழுதுறான், என்ன பண்ணலாம்?" என்று. அந்த ஒன்றுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெருந்தொற்றுக் காலத்தில் பயிற்சி கைப்பேசிக்குள் போனது. ஆசிரியர்களுக்கான தேசிய அளவிலான நிஷ்தா பயிற்சி 2020 அக்டோபரில் தீக்ஷா இணையதளத்துக்கு மாறியது. வீடியோ பார், கேள்விக்கு விடை சொல், சான்றிதழை இறக்கிக்கொள். அந்த நேரத்தில் வேறு வழியில்லை. பாடப்பொருளும் பல இடங்களில் தரமானது. ஆனால் வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சாம்பார் தாளிக்கிறவருக்குப் பக்கத்து நாற்காலி இல்லை. அதே 2020இல் வந்த கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பணி மேம்பாடு என்கிறது. மணியை எண்ணத் தொடங்கினால், எண்ணச் சுலபமானது எதுவோ அதற்குத்தான் காசும் நேரமும் போகும். கைப்பேசியில் மணி தானாக எண்ணப்படும்.

கடைசியாக ஒன்று. ஆசிரியத் தோழமை என்று நாங்கள் ஆண்கள் பெருமையாகப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் நாலரை மணிக்கு மேல் நடப்பது. டீக்கடை, பேருந்து நிலையத் திண்ணை, உறைவிடப் பயிற்சி என்றால் இரவு மொட்டைமாடி. நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெண்களே அதிகம். நாலரைக்கு அவர்கள் பேருந்துக்கு ஓடுகிறார்கள். கைக்குழந்தைக்காரர் உறைவிடப் பயிற்சி என்றாலே விலக்குக் கேட்டு மனு எழுதுகிறார். கேட்காமல் வந்தால் குழந்தையோடு அம்மாவும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பயிற்சியில் உண்மையான படிப்பு மரத்தடியில் நடக்கிறது என்று நான் சொல்வது சரியென்றால், அதை மாலைக்குத் தள்ளுவது பாதிக்கும் மேற்பட்டோரை அந்தப் படிப்பிலிருந்து விலக்கிவைப்பது.

ஆகவே பயிற்சி அட்டவணை போடுகிற நண்பர்களிடம் என் கோரிக்கை சின்னது. நீங்கள் சிலர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். பகல் இரண்டு மணிக்கு வைக்கிற அமர்வை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கருத்தாளர் பேசுவது யார் காதிலும் ஏறுவதில்லை, அது உங்களுக்கும் தெரியும். ஒரே வகுப்பு எடுக்கிற, வேறு வேறு பள்ளி ஆசிரியர்கள் ஐந்தாறு பேரை ஒன்றாக உட்காரவையுங்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளை ஒருவரின் நோட்டைக் கொண்டுவரட்டும், தப்புப் போட்ட பக்கத்தைத் திறந்து வைக்கட்டும். அறிக்கை கேட்காதீர்கள். சார்ட்டில் எழுதி ஒட்டச் சொல்லாதீர்கள். போட்டோ எடுத்து மேலே அனுப்பவும் வேண்டாம். குழந்தையோடு வருகிறவருக்கு ஓர் அறையும் ஒரு தொட்டிலும் ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த பயிற்சிக்கும் அதே ஐந்தாறு பேரையே ஒரே குழுவில் போடுங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவைப்படாது, தொட்டிலைத் தவிர.